அவர் வாயில் என் குரல்

மஞ்சள் தீர்ந்துபோன ஒரு நாளில்தான் எங்கள் சங்கத்துப் பெரியவர்களை நான் சரியாகப் புரிந்துகொண்டேன். பிஜித் தீவில், பா நகரத்து வரதோலியில் கோயிலை ஒட்டி ஒரு தகரக் கொட்டகை இருந்தது. தென்னிந்தியர் சங்கத்தின் கூட்டம், கல்யாணம், கருமாதிச் சாப்பாடு எல்லாம் அங்கேதான். பெண்கள் நாங்கள் சமைப்போம், ஆண்கள் தமிழை வளர்ப்பார்கள். அன்றைக்குப் பருப்பில் போட மஞ்சள் இல்லை. உப்பும் புளியும் மிளகாயும் வழக்கம்போல் போட்டு இறக்கினேன். வெளுத்த பருப்பைப் பார்த்த மாத்திரத்தில் பந்தி முழுக்க உப்பில்லை என்றது. சங்கத் தலைவர் ஒரு வாய் வைத்துவிட்டு இலையை விட்டே நகர்ந்து உட்கார்ந்தார். பக்கத்து வீட்டில் கொஞ்சம் மஞ்சள் வாங்கி, வெந்நீரில் கரைத்து ஊற்றிக் கலக்கி, அதே பருப்பை மறுபடி கொண்டுபோனேன். இப்போதுதான் உப்பு சரியாக இருக்கிறது என்று சொல்லி எல்லோரும் இன்னொரு கரண்டி கேட்டு வாங்கினார்கள். நான் ஒரு கல் உப்புகூடச் சேர்க்கவில்லை.

தமிழை வளர்ப்பார்கள் என்றேன். எப்படி என்றும் சொல்லிவிடுகிறேன். நடுவில் யங்கோனா, அந்த ஊர்க் கிறக்க வேர்ப்பொடி, கரைத்த பெரிய மரச்சட்டி இருக்கும். சுற்றிப் பாயில் சங்கக் குழு உட்கார்ந்திருக்கும். கடவுள் வாழ்த்து தமிழில். அது முடிந்ததும், நம் பிள்ளைகள் தாய்மொழியை மறக்கிறார்களே என்ற கவலையை எல்லோரும் இந்தியில் பேச ஆரம்பிப்பார்கள். கிர்மிட் என்ற கூலி ஒப்பந்தத்தில் கப்பலேறி வந்தவர்களைக் குறை சொல்ல முடியாது. கரும்புத் தோட்டத்தில் வேலை வாங்கிய சர்தார் கத்தியது இந்தியில், பக்கத்து வரிசையில் வெட்டியவர் பேசியது இந்தியில். பிள்ளைகளுக்கும் அதுதான் வாயில் வந்தது. எங்கள் வீட்டில் மட்டும் அம்மாவுக்கு வேறு பாஷை ஏறவே இல்லை. கோழியை விரட்டுவதும் தமிழில், வெள்ளைக்கார ஓவர்சியரைத் திட்டுவதும் தமிழில். அவளிடம் தமிழில் கேட்டால்தான் சோறு. எனக்குத் தமிழ் வந்த ரகசியம் இவ்வளவுதான், பெருமைப்பட ஒன்றுமில்லை.

சங்கப் பள்ளிக்கூடத்தில் சம்பளத்துக்கு ஒரு தமிழ் ஆசிரியர் போடப் போகிறார்கள் என்ற பேச்சு வந்தபோது எனக்குக் கல்யாணமாகி ஒரு பிள்ளையும் இருந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் அதே கொட்டகையில் பிள்ளைகளை உட்காரவைத்து அ, ஆ சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன். ஞாயிற்றுக்கிழமை சொல்லிக்கொடுத்தால் அதற்குப் பெயர் சேவை. திங்கட்கிழமை சொல்லிக்கொடுத்தால் உத்தியோகம். எனக்குத் திங்கட்கிழமை வேண்டும் என்று இருந்தது. அதுவரை நான் மில்லுக்காரன் பெண்சாதி. டீச்சர் என்று ஊர் என்னைக் கூப்பிட வேண்டும் என்று அப்படி ஓர் ஆசை. கிடைத்தால் கிடைக்கட்டும் என்ற பெருந்தன்மையெல்லாம் என்னிடம் இல்லை.

என் கணவரைப் பற்றிச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் இந்தக் கதையில் அவர் காதும் ஒரு பாத்திரம். சர்க்கரை மில்லில் கரும்பு நசுக்கும் உருளைகளுக்குப் பக்கத்தில் வேலை. அந்த இரைச்சலில் அவர் காது பாதிக்கு மேல் போய்விட்டது. ஆனால் முகத்தைப் பார்த்துப் பேசினால் ஒரு சொல் தவறாது. முதுகைக் காட்டிப் பேசினால் ஒன்றும் விளங்காது. சாயங்காலம் இருட்டிக்கொண்டு வரும்போது நான் ஏதாவது சொல்ல ஆரம்பித்தால் உடனே தடுப்பார்.

"வெளக்க கொளுத்து மொதல்ல. நீ பேசறது கேக்கல."

புதுசில் எனக்குச் சிரிப்பு வரும். பிறகு பழகிவிட்டது. அவர் பாதி காதாலும் பாதி கண்ணாலும் கேட்கிறார், அது காது கெட்டவர்களுக்கு மட்டும் உள்ள வழக்கம் என்றுதான் நினைத்திருந்தேன். காது நன்றாக இருக்கிறவர்களும் அப்படித்தான் என்று சங்கத்து நாடகம் எனக்குக் கற்றுக்கொடுத்தது.

நாடகம் ஒரு ராஜா நாடு இழந்து காட்டுக்குப் போகிற கதை. ராஜாவுக்கு வசனம் கொஞ்சம்தான். அழுகிற வேலை முழுக்க ராணிக்கு. நல்ல குடும்பத்துப் பெண் மேடை ஏறக்கூடாது என்பதால் ராணி வேஷம் ஆண்பிள்ளைதான் கட்ட வேண்டும். தலைவருக்கு நகரத்தில் துணிக்கடை. அந்தக் கடையில் வேலை பார்த்த அவருடைய அக்கா மகனுக்கு மீசை சரியாக முளைக்கவில்லை, கண் பெரிசு. சேலை கட்டி, பொட்டு வைத்துக் கண்ணாடி முன்னால் நிறுத்தியபோது எங்களில் சிலருக்குப் பொறாமையாகவே இருந்தது. ஒரே ஒரு குறை. அவருக்குத் தமிழ் தெரியாது. வா, போ, சோறு, இவ்வளவுதான் முதல். தொண்டையும் கரடுமுரடு. கடையில் கஜம் சொல்லிக் கத்திக் கத்தி அப்படி ஆகிவிட்டது.

தலைவர் யோசித்தார். அவன் வாயசைப்பான், நீ மறைவில் உட்கார்ந்து பாடிப் பேசிவிடு என்று என்னிடம் சொன்னார். ஆக, என் குரல் மேடை ஏறலாம், நான் ஏறக்கூடாது. வேலை கிடைக்க இது ஒரு வழி என்று நினைத்து ஒப்புக்கொண்டேன். குழு முழுக்க என் தமிழைக் கேட்கப்போகிறதே என்று உள்ளூர சந்தோஷம் வேறு. கடைக்குப் பின்னால் துணி மூட்டைகளுக்கு நடுவே ஒத்திகை. பெரியவர்கள் இருக்கும் இடத்தில் பெண்கள் முந்தானையை வாய்க்குக் குறுக்கே பிடித்துக்கொண்டு பேசுவதுதான் அப்போது எங்களுக்கு மரியாதை. அப்படிப் பிடித்தால் அவருக்கு என் வாய் தெரியாது. ஆகவே ஒத்திகைக்கு மட்டும் முந்தானையை இறக்கலாம் என்று தலைவரே அனுமதி கொடுத்தார், ஏதோ ராஜாங்கம் கொடுப்பதுபோல. அந்தப் பிள்ளை நல்லவர். கூச்சத்தோடு என் உதட்டைப் பார்ப்பார், அர்த்தம் கேட்பார், மறுபடி பார்ப்பார். நாடகம் நெருங்கியபோது நான் எங்கே மூச்சு வாங்குவேன் என்பதுகூட அவருக்கு அத்துப்படி.

நாடகத்தன்று கொட்டகை நிரம்பியது. கரும்பு வெட்டு முடிந்திருந்ததால் சுற்றுப்புறத்துப் பண்ணைக்காரர்கள் குடும்பத்தோடு வந்துவிட்டார்கள். மேடைக்கு இடது ஓரத்தில் சர்க்கரைச் சாக்குகளைத் தைத்துத் தொங்கவிட்ட மறைப்பு. அதற்குப் பின்னால் நானும் ஆர்மோனியக்காரரும். காஸ் விளக்கு முழுக்க ராணியின் முகத்தில். சாக்கில் ஒரு கிழிசல் இருந்தது, அதன் வழியாக நான் ஜனங்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். முதல் இரண்டு அடி பாடும்போது முன்வரிசைப் பிள்ளைகள் என் பக்கம், சாக்கைப் பார்த்தார்கள். பெரியவர்கள் சிலரும் திரும்பினார்கள். நாலாவது அடியில் ஒருவரும் திரும்பவில்லை. எல்லாத் தலையும் ராணியின் வாயைப் பார்த்து நின்றுவிட்டது. என் குரல் என்னிடமிருந்து கிளம்பி, நாலு முழம் தள்ளி நின்ற ஒருவர் வாயில் போய் உட்கார்ந்துகொண்டதை நான் கண்ணால் பார்த்தேன்.

இது பிற்பாடு சினிமாவிலும் பார்த்ததுதான். பா நகரத்தில் ஒரு சினிமாக் கொட்டகையில் ஒலிபெருக்கியை வைக்க இடம் இல்லாமல் பக்கவாட்டுக் கதவுக்கு மேல் மாட்டியிருந்தார்கள். படம் தொடங்கும்போது சத்தம் கதவிலிருந்து வரும். கதாநாயகி வாயைத் திறந்தாளோ இல்லையோ, சத்தம் கதவை விட்டுவிட்டு அவள் வாய்க்குப் போய்விடும். கண்ணை மூடினால் திரும்பக் கதவுக்கு வரும். படத்தைப் பார்க்காமல் நான் இதையே செய்துகொண்டிருந்ததால் பக்கத்தில் இருந்தவர்கள் எனக்குக் கண் வலியா என்று கேட்டார்கள். ஒரு பக்கம் ஆளில்லாத குரல், ஒரு பக்கம் குரலில்லாத வாய். இரண்டும் ஒன்றாகத் தொடங்கி ஒன்றாக நின்றால் போதும், மூளை ஜாதகம்கூடப் பார்க்காமல் கல்யாணம் செய்துவைத்துவிடுகிறது. சத்தம் எந்த இடத்திலிருந்து வருகிறது என்பதில் காதைவிடக் கண்ணின் பேச்சுக்குத்தான் அதற்கு மரியாதை. பெரும்பாலும் கண் சொல்வது சரியாகவும் இருக்கிறது, அதனால் அதைத் திட்டவும் முடியவில்லை.

நாடகத்துக்கு வருகிறேன். ராணி குழந்தையைப் பறிகொடுத்து அழும் பாட்டில் தலைவர் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். இந்த ஏற்பாட்டைச் செய்தவரே அவர்தான் என்பதை நினைவில் வைக்க வேண்டும். முடிந்ததும் பெண்கள் ராணியைச் சூழ்ந்துகொண்டு கன்னத்தை வழித்து நெட்டி முறித்தார்கள். எனக்கு ஒருத்தி தண்ணீர் கொடுத்தாள், ரொம்ப நேரம் சும்மா உட்கார்ந்திருந்தது இடுப்பு வலிக்கவில்லையா என்று கேட்டாள்.

வீட்டுக்குப் போகிற வழியில் கணவரிடம், எப்படி இருந்தது என்று கேட்டேன்.

"அந்தப் புள்ள பேசினது ஒரு எழுத்து விடாம கேட்டுது. எத்தினி நாள் ஆச்சு, ஒரு நாடகம் என் காதுல விழுந்து."

"பேசினது நானு."

"அது தெரியும். நீதான் சாக்குக்கு அந்தாண்ட குந்திகினு இருந்தியே. எனக்கு எப்படிக் கேக்கும்?"

அவர் சொன்னதில் தப்பு கண்டுபிடிக்க முடியவில்லை, அதனால் இன்னும் கோபம் வந்தது. வீட்டுக்குப் போய் விளக்கை அணைத்துவிட்டு மனம் ஆறும் வரை திட்டினேன். அவர் நிம்மதியாகத் தூங்கினார்.

ஆசிரியர் வேலை பற்றிய கூட்டம் அடுத்து வந்தது. நான் டீ கொடுக்கப் போயிருந்தேன், காதைத் தீட்டி வைத்துக்கொண்டுதான். ஒருவர் எழுந்து இந்தியில், இவ்வளவு சுத்தமான தமிழ் பேசுகிற பிள்ளையை ஊருக்குள்ளேயே வைத்துக்கொண்டு வேறு ஆளைத் தேடுவானேன் என்றார். என்னைத்தான் சொல்கிறார் என்று நினைத்துத் தட்டைக் கீழே வைத்தேன். எல்லோரும் ராணியைப் பார்த்தார்கள். ராணி மூலையில் யங்கோனா கலக்கிக்கொண்டிருந்தவர், பயந்துபோய் கரண்டியை விட்டுவிட்டார்.

"அது நான் பேசினதுங்க," என்றேன், முந்தானைக்குள்ளிருந்து.

"அச்சா, அச்சா, தெரியும்மா," என்றார் தலைவர், குழந்தையைச் சமாதானம் செய்கிற குரலில். "நான்தானே உன்ன ஒக்கார வச்சேன். நீ ஒத்தாச பண்ணே, நல்ல ஒத்தாச. ஆனா பேசினது அவன்தானே. நாங்க எல்லாம் பாத்தோமே."

கேட்டோமே என்று அவர் சொல்லவில்லை, கவனியுங்கள். பொய் சொல்கிறார் என்றால் சண்டை போடலாம். அவர் பொய் சொல்லவில்லை. தெரிந்ததைத் தெரிந்த இடத்தில் வைத்திருந்தார், கண்டதைக் கண்ட இடத்தில் வைத்திருந்தார், இரண்டையும் சந்திக்கவிடவில்லை. அவர் மூளையில் அந்த இரண்டு அறைக்கும் நடுவே கதவே வைத்துக் கட்டவில்லை போலிருக்கிறது.

விடவில்லை நான். எங்கள் இரண்டு பேரையும் சாக்குக்குப் பின்னால் நிறுத்துங்கள், பாடத்தைப் படிக்கச் சொல்லுங்கள், யாருக்குத் தமிழ் வருகிறது என்று கேட்டு முடிவு செய்யுங்கள் என்றேன். குழு சிரித்தது.

"மூஞ்சி தெரியாம இன்னாத்தம்மா கேக்கறது?"

கடைசியில், வருகிற ஞாயிற்றுக்கிழமை இருவரும் எல்லோர் முன்னாலும் நின்று வாசிப்பது என்று முடிவானது. ராணிக்கு எழுத்துகூடத் தெரியாதே என்று நான் சொன்னதை யாரும் எழுதிக்கொள்ளவில்லை.

ஞாயிற்றுக்கிழமை கொட்டகைக்குப் பாதி வரதோலி வந்துவிட்டது. பாடப்புத்தகம் ஒன்றுதான் இருந்தது. இருவரும் பக்கத்தில் பக்கத்தில் நின்று, ஆளுக்கு ஓர் ஓரமாகப் பிடித்துக்கொண்டோம். யாரை முதலில் படிக்கச் சொல்வது என்று பெரியவர்கள் பேசிக்கொண்டிருக்க, நானே ஆரம்பித்துவிட்டேன். முந்தானை வாய்க்குக் குறுக்கே இருந்தது. அத்தனை பெரியவர்கள் முன்னால் இறக்க எனக்குத் தோன்றவில்லை. பத்து வரி படித்திருப்பேன், கூட்டத்தில் தலைகள் ஆடத் தொடங்கின. ஆடுகிற தலைகள் என்னைப் பார்க்கவில்லை. ஓரக்கண்ணால் பக்கத்தில் பார்த்தேன். ராணியின் உதடு என்னோடு சேர்ந்து அசைந்துகொண்டிருந்தது. அவர் வேண்டுமென்று செய்யவில்லை. அத்தனை நாள் ஒத்திகை பார்த்தவர், என் குரல் கேட்டதும் வாய் தானாகத் திறந்துவிட்டது. என் வாய் துணிக்குப் பின்னால். அவர் வாய் எல்லோருக்கும் முன்னால். இந்த முறை சாக்குகூடத் தேவைப்படவில்லை, சாக்கை நானே பிடித்துக்கொண்டு நின்றேன்.

வேலை என் கண் முன்னால் இன்னொருவர் உதட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது. முந்தானையை இறக்கி இடுப்பில் செருகிக்கொண்டு, ஓர் அடி முன்னால் வந்து, இன்னும் சத்தமாகப் படித்தேன். பெண்கள் பக்கத்தில் மூச்சை இழுக்கும் சத்தம் கேட்டது. அப்போதுதான் அவருக்கும் புரிந்தது. சட்டென்று கையால் தன் வாயைப் பொத்திக்கொண்டார். படிப்பு நிற்கவில்லை. பாடத்தை முடித்துவிட்டுப் புத்தகத்தை மூடினேன்.

தலைவர் குழுவோடு கலந்து பேசித் தீர்ப்புச் சொன்னார்.

"மொதல் பாதி இவன் படிச்சான், ரெண்டாவது பாதி இந்தப் பொண்ணு படிச்சிது. ரெண்டு பேரும் நல்லாத்தான் படிச்சாங்கோ. ஆனா மொதல் பாதியில ஒரு இனிப்பு இருந்துது பாரு, அது இதுல வரல."

நான் வாயைத் திறப்பதற்குள் அந்தப் பிள்ளை முன்னால் வந்தார்.

"ஹம் குச்சு நை படா, மாமா. சப் ஈ படிஸ்," என்றார். நான் ஒன்றும் படிக்கவில்லை, எல்லாம் இவர் படித்ததுதான் என்று அர்த்தம். அதை அவர் தன் சொந்தக் குரலில், கஜம் சொல்லிச் சொல்லிக் கெட்டுப்போன அந்தக் குரலில் சொன்னார். இப்போதாவது விடியும் என்று நினைத்தேன்.

"ஐயோ பாவம்," என்றாள் பின்னாலிருந்து ஒருத்தி. "பாடிப் பாடிப் புள்ளைக்குத் தொண்ட கட்டிகிச்சு."

வழக்கமாக அவரிடமே துணி வாங்கி, அந்தக் குரலைக் கேட்டுப் பழகியவள் அவள். ஆமாம் ஆமாம் என்று கூட்டம் உச்சுக்கொட்டியது. யாரோ மிளகு தட்டிப் போட்டு வெந்நீர் கொண்டுவந்தார்கள். அவர் என்னைப் பார்த்தார், நான் அவரைப் பார்த்தேன். வேறு வழியில்லாமல் அவர் வெந்நீரைக் குடித்தார்.

ஆனாலும் அந்தப் பிள்ளை பிடித்த பிடியை விடவில்லை. எத்தனை முறை கூப்பிட்டும் வேலைக்கு வரமாட்டேன் என்றுவிட்டு, கொஞ்ச நாளில் லவுத்தோக்கா நகரத்தில் வேறு கடையில் சேர்ந்துகொண்டு போய்விட்டார். குழு கூடித் தீர்மானம் போட்டது. அவருக்குத் தொண்டை சரியாகும் வரை தற்காலிகமாக என்னை ஆசிரியையாக வைத்துக்கொள்வது. அந்தத் தீர்மானத்தை யாரும் மாற்றவில்லை. நான் ஓய்வு பெறும் வரை தற்காலிகம்தான்.

போகட்டும், திங்கட்கிழமை கிடைத்துவிட்டது. ஊரும் டீச்சர் என்று கூப்பிட்டது. வகுப்புக்குள் முந்தானையை வாயருகே கொண்டுபோகவே மாட்டேன் என்று முதல் நாளே முடிவு செய்திருந்தேன். இந்தி பேசி வளர்ந்த பிள்ளைகள் தமிழ் என்று சொல்ல மாட்டார்கள், தமில் என்பார்கள். நூறு தடவை காதில் ஓதினாலும் திருந்தாது. கிட்டே உட்காரவைத்து, வாயைத் திறந்து, நாக்கு எங்கே மடிகிறது என்று காட்டினால் அரை நாளில் வந்துவிடும். காதுக்கு வராதது கண் வழியாக நாக்குக்குப் போய்ச் சேர்ந்தது. என் வாயைப் பார்த்துப் பார்த்து ஊரில் பாதிப் பேர் அந்த எழுத்தைக் கற்றுக்கொண்டார்கள்.

ராணி வேஷம் கட்டிய அவர் பல வருஷம் கழித்து இறந்தபோது உடலை லவுத்தோக்காவிலிருந்து பா நகரத்துக்குத்தான் கொண்டுவந்தார்கள். எங்கே பார்த்தாலும் கைகூப்பி டீச்சர் என்று கூப்பிடுகிற மனிதர், எனக்காக ஒரு வேலையை வேண்டாம் என்றவர். போய் நின்று அழுதேன். அந்த மாதிரி தொண்டை இனிமேல் பிறக்காது என்று சுற்றி நின்றவர்கள் சொல்லிக்கொண்டிருந்தார்கள். அப்போது சங்கத்தின் செயலாளர் என் பக்கத்தில் வந்து நின்றான். என்னிடம் முதல் வகுப்பிலிருந்து படித்தவன். இப்போதெல்லாம் அவனை வாங்க போங்க என்றுதான் சொல்ல வேண்டும், எனக்கு வருவதில்லை.

"டீச்சர், நீங்க தமிழ் கத்துக்கிட்டது இவர்கிட்டதானாமே?"

தமிழ் என்பதை எவ்வளவு சுத்தமாகச் சொன்னான்.

"உனக்கு யார்டா சொல்லிக்கொடுத்தது?" என்று கேட்டேன்.

"நீங்கதான் டீச்சர்," என்றான் கொஞ்சமும் யோசிக்காமல். "உங்களுக்கு இவர், எங்களுக்கு நீங்க."

அவன் வாயைப் பார்த்துக்கொண்டே கேட்டேனா, ஒரு நிமிஷம் நானும் நம்பிவிட்டேன்.